ஊசிக்குப் பொட்டு

இந்த பஸ் ஏன் இப்படி ஊர்கிறது, கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லம்மா. கோவளம் தாண்டிவிட்டோமா? ஆயுத பூஜை நாளும் அதுவுமாக இத்தனை கார் எங்கிருந்து வந்தது? எல்லாரும் பூஜை போட்டோமா, பொரியும் கடலையும் சாப்பிட்டோமா என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாமா? நீங்கள் மட்டும் என்ன என்று கேட்பாய். நானும்தான் விளக்கை எரியவிட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறேன்.

இருட்டுவதற்குள் பாண்டிச்சேரி போய்விடும் அல்லவா? போய்விடும் என்று சொல்லு. அவர் மேடை ஏறுவதற்கு முன்னால் இதை அவர் கையில் சேர்த்துவிட வேண்டும். இது என்றால், இதோ, இந்த மஞ்சள் துணிக்குள் இருக்கிறது. பிரித்துக் காட்டமாட்டேன். விழுந்தால் பஸ்ஸுக்குள் தேட முடியாது. இரண்டு ஊசி. தையல் ஊசி இல்லையம்மா. இசைத்தட்டு சுற்றும்போது அதன்மேல் ஓடுமே, அந்த ஊசி. என் வீட்டுக்காரருடையது.

அவர் டிஜே. சிரிக்காதே. உன் அப்பாவைவிட வயசில் பெரியவர்தான், அதனால் என்ன? கல்யாண வீட்டில் கலர் லைட்டைப் போட்டுக் குத்துப்பாட்டு போடுகிற டிஜே என்று நினைத்துவிடாதே. அந்த வேலையையும் பார்த்தார், அது பிற்பாடு. அவருடையது ஹவுஸ் மியூசிக். மெட்ராஸில் அதை முதன்முதலில் போட்டவரே அவர்தான். சிகாமணி என்று பெயர். டிஜே மணி என்றால் அந்தக் காலத்தில் பம்பாயிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

அது என்ன மியூசிக் என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன். நான் எட்டாவதோடு நின்றவள். டம் டம் டம் டம் என்று ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும். பாட்டு எப்போது வரும் என்று காத்திருப்போம். வராது. இதுதான் பாட்டு என்பார். பெயர் மட்டும் ஹவுஸ். ஹவுஸுக்குள் போட்டால் மேல் போர்ஷன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

புரசைவாக்கத்தில் கேசட் பதிவு பண்ணித் தருகிற கடையில் வேலையாக இருந்தார். கப்பலில் வேலை பார்க்கிற சிநேகிதன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து ஒரு தட்டு கொண்டுவந்தானாம். கடை முதலாளி அதைக் கேட்டுவிட்டு, பாடுகிறவனே இல்லாத தட்டை வைத்து நான் என்ன செய்ய என்று தூக்கிப் போட்டாராம். இவர் எடுத்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது. அதற்கப்புறம் மவுன்ட் ரோடில் ஒரு பெரிய ஹோட்டல், அதில் தரைக்குக் கீழே டான்ஸ் ஆடுகிற இடம், அங்கே போய்ச் சேர்ந்தார். பெரிய ஹோட்டலில் வேலை என்று தரகர் சொன்னதைக் கேட்டு, மானேஜர் என்று நினைத்துத்தான் எங்கப்பா என்னைக் கொடுத்தார்.

ஒரே ஒரு தடவை அங்கே போயிருக்கிறேன். ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்து அழுத்திக்கொண்டு, ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு விடுகிறார். கைக்குழந்தையின் உச்சந்தலையைத் தொடுவோமே, அப்படி. இது எங்கே முடிந்தது, அது எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் ஆடுகிறார்கள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாரு, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. எனக்குத் தலைவலி வந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றேன். உடனே ஹெட்போனை வேறு ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவு நல்ல மனுஷன். பாதியில் எழுந்து வந்ததற்கு ஹோட்டலில் திட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பஸ் நகர்கிறதா? நகர்கிறது, நகர்கிறது. முருகா.

அப்புறம் அவரே மியூசிக் பண்ண ஆரம்பித்தார். அயனாவரத்தில் ஒரு ரூமும் ஒரு சமையலறையும். சமையலறை மூலையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அவருடைய மெஷின். தானாகவே டிரம் அடிக்கிற மெஷின், அதுவும் அந்தக் கப்பல்காரர் கொண்டுவந்ததுதான். நான் கிரைண்டரில் மாவு ஆட்டினால் மைக்கைக் கொண்டுவந்து அதற்கு நேரே நீட்டுவார். கல் உருளுகிற சத்தத்தைப் பிடிக்கிறாராம். எனக்கு எரிச்சலாக வரும். போதும், நிறுத்துங்க என்று கத்துவேன். அதையும் பிடித்துவிட்டார். என் சத்தத்தை எடுத்து அந்த டம் டம்முக்கு நடுவே போட்டுவிட்டார். 'போதும், நிறுத்துங்க. போதும், நிறுத்துங்க.' இதையே திரும்பத் திரும்ப. அதுதான் அவருடைய பேர்போன தட்டு. வெளிநாட்டில் இதைப் போட்டு ஆடுகிறார்களாம். என்ன அர்த்தம் என்று தெரியாமலே எல்லாரும் கூடச் சேர்ந்து கத்துவார்களாம். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது பெருமைதான். என் குரல் இல்லாமல் அவருக்கு ஏது பேர்?

அந்தத் தட்டு எப்படி வெளியே போனது என்று கேட்கிறாயா? அந்த ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரன் ஒருவன் கேட்டுவிட்டு, டேப்பை வாங்கிக்கொண்டுபோய் அவன் ஊரில் தட்டாகப் போட்டான்; அப்புறம் லண்டனுக்கு வாருங்கள், ஒரு சீசன் முழுக்க அங்கே போடுங்கள் என்று கூப்பிட்டான். டிக்கெட்கூட வந்துவிட்டது. அப்போது என் பெண் வயிற்றில் இருந்தாள். என் மகள் ஊர் உலகமெல்லாம் நான்தான் அவரைத் தடுத்தேன் என்று சொல்கிறாள். நானா தடுத்தேன்? போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? 'நீங்க போய்ட்டு வாங்க, ஆனா வரும்போது நான் இருக்கமாட்டேன்' என்று மட்டும்தான் சொன்னேன். பெண்டாட்டி என்றால் எல்லாரும் சொல்கிறதுதானே? அவர் ராப்பகலாக யோசித்தார். அப்புறம் அவராகவே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவராகவே. நான் கையைப் பிடித்தா இழுத்தேன்?

கல்பாக்கமா இது? வெயில் இறங்கிவிட்டதே. உனக்கு எரிச்சலாக இருக்கிறதா நான் பேசுவது? பேசாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்மா. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை.

நான் அவருக்குச் செய்த மாதிரி எவளும் புருஷனுக்குச் செய்திருக்க மாட்டாள். தட்டெல்லாம் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிட்டது. அலமாரியைத் திறந்தாலே நாற்றம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பார், நாலு துடைப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும். பாவமாக இருந்தது. சித்திரை வந்ததும் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், உறையிலிருந்து எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, வடகத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக் காயப்போட்டேன். பூசணத்துக்கு வெயிலைவிட வேறு என்ன மருந்து இருக்கிறது? சாயங்காலம் போய்ப் பார்த்தால் அத்தனையும் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. பிளாஸ்டிக் சரியில்லை. அவர் வந்து மாடியில் நின்றார். ஒன்றைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வைத்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்தான் அழுதேன். அவர் என் முதுகைத் தடவிவிட்டார்.

அப்புறம் அந்த டான்ஸ் இடத்தை மூடிவிட்டு மீட்டிங் ஹால் ஆக்கிவிட்டார்கள். கல்யாண ரிசப்ஷனுக்குப் போனார். சினிமாப் பாட்டு போடச் சொன்னால் போடுவார், நடுவில் நைசாக இவருடைய டம் டம்மை நுழைப்பார், மாப்பிள்ளை வீட்டார் வந்து சத்தம் போடுவார்கள். அதுவும் நின்றது. வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காக. சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். நான் நிம்மதியாகத்தான் இருந்தேன் என்று சொன்னால் நீ தப்பாக நினைப்பாய். வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார் என்பது எவ்வளவு தெம்பு, உனக்குக் கல்யாணம் ஆனால் தெரியும்.

இவ்வளவு திறமை இருந்தும் ஏன் இப்படி ஆனது என்று நான் யோசிக்காத நாள் இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தேன். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர் ஆட்டோவுக்குப் பொட்டு வைக்கிறார். தையல்காரர் மெஷினுக்கு வைக்கிறார். இவருடைய சாமான்களுக்கு மட்டும் ஒரு ஆயுத பூஜைகூட நடந்ததில்லை. பண்டிகை நாளில்தான் ஹோட்டலில் கூட்டம், ஊசிக்கும் தட்டுக்கும் அன்றைக்குத்தான் ஓயாத வேலை. சோறு போட்ட ஆயுதத்தை ஒரு நாளாவது உட்காரவைத்துக் கும்பிட்டோமா? இல்லை. பின்னே எப்படி விளங்கும்?

அப்படி இருக்கும்போதுதான் பெங்களூரிலிருந்து கரோல் என்று ஒரு பெண் வந்தாள். அவளும் அவள் கூட்டாளிகளும் அந்தப் பழைய தட்டை எங்கேயோ கேட்டுவிட்டு, விசாரித்து விசாரித்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். வந்ததும் அவர் காலில் விழுந்தாள். இந்த மியூசிக் இந்தப் பக்கத்தில் உங்களிடமிருந்துதான் தொடங்கியது என்று சொன்னாள். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கடற்கரையில் பெரிய விழா, வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள், நீங்கள்தான் போட வேண்டும் என்றாள். ஜப்பான் ஊசி என்று இந்த இரண்டையும், கூடவே கொஞ்சம் புதுத் தட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதிலிருந்து அவர் வேறு ஆள். தலைக்கு மை அடித்தார். கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார், எதற்கு என்றேன், எங்கே போனாலும் அடையாளம் கேட்கிறார்கள் என்றார். என் மகள் தேன்மொழி ஓசூரிலிருந்து தினமும் அவரோடு போனில் பேசினாள். போன வாரம் எனக்குப் போன் போட்டு, 'அம்மா, அப்பாவைக் கொஞ்சம் விடும்மா' என்றாள். நான் என்ன கட்டியா வைத்திருக்கிறேன்?

விழா என்றைக்கு என்று பார்த்தால் ஆயுத பூஜை அன்றைக்கு. மறுபடியும் அதே தப்பு. மறுநாளைக்கு மாற்றச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். சரி, நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம் என்று இன்றைக்குக் காலையில் அவர் குளிக்கப் போனதும் பெட்டியைத் திறந்தேன். பெரிய சூட்கேஸ். தட்டு கனம் என்று புதிதாக வாங்கியிருந்தார். மேலே வேட்டி, சட்டை, ஸ்வெட்டர்கூட வைத்திருக்கிறார், கடற்கரைக் காற்றுக்கு. ஓரத்தில் இந்த ஊசிகள். எடுத்தேன். நன்றாகச் சந்தனத்தைக் குழைத்து இரண்டுக்கும் அப்பி, குங்குமம் வைத்து, ஒரு பூவும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினேன். ஹெட்போனுக்கும் இரண்டு பக்கமும் பொட்டு. பூஜையில் வைத்துவிட்டால் நாளைக்குக் காலையில் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அது உனக்கும் தெரியும். அவர் வந்தால் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு ஒரு நாள் வேறு யாருடையதையாவது வாங்கிப் போடட்டும் என்று நினைத்தேன். 

அதெப்படி, இந்த பஸ்ஸுக்கே வாழைக்கன்று கட்டி ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்திருக்கிறார்களே, ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று நீ கேட்பாய். நானும் ஏறும்போது பார்த்தேன். அதை ஏன்தான் பார்த்தேனோ.

அவர் குளித்துவிட்டு வந்தார். சாமி தட்டைப் பார்த்தார். ஊசியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சந்தனம் இறுகிப் போயிருந்தது. அன்றைக்கு மாடியில் தட்டைப் பார்த்த மாதிரியே பார்த்தார். திருப்பி அதே இடத்தில் வைத்தார். திட்டுவார் என்று பார்த்தேன். விழுந்து கும்பிட்டார், விபூதி பூசிக்கொண்டார். சூட்கேஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கார் நின்றுகொண்டிருந்தது.

'நான் போறேன் குமுதா' என்றார்.

போறேன். இத்தனை வருஷத்தில் தெருமுனைக்குப் பால் வாங்கப் போனால்கூடப் போய்ட்டு வரேன் என்றுதான் சொல்வார். கார் திரும்பின பிறகுதான் கத்தினேன். போன் போட்டால் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். இந்த ஊசி இல்லாமல் அங்கே போய் என்ன செய்வார்? அத்தனை பேருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா? இத்தனை வருஷம் கழித்து ஒரு வாய்ப்பு, அது என்னால் போயிற்று என்றால் என்னை மன்னிப்பாரா? நாளை வரை பொறுக்க முடியவில்லை. சரஸ்வதி என்னை என்ன செய்தாலும் செய்யட்டும் என்று தட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

சும்மா எடுத்துவரவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய் தேய் என்று தேய்த்தேன். ஒரு துளி சந்தனம் இல்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். இரண்டிலும் முனையில் பிசிறு மாதிரி, முடி கனத்துக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. தட்டில் கீறல் விழப்போகிறதே என்று அதையும் நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டேன். இப்போது தொட்டால் வழவழவென்று இருக்கிறது. தட்டைத் தொடுகிற நுனியில் வைரம் பதித்திருக்கிறது என்று பெருமை அடிப்பார். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், வைரமும் இல்லை ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பிரித்துக் காட்டட்டுமா? இதோ பாரு. சுத்தமாக இருக்கிறதா இல்லையா? வாயைத் திறந்து சொல்லேன்.

சரி, சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு உதவி செய். உன் போனிலிருந்து அவருக்கு ஒரு போன் போட்டுக் கொடு. என் நம்பரைப் பார்த்தால் எடுக்கமாட்டேன் என்கிறார். ஊசி வந்துகொண்டிருக்கிறது, பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுவோம். நம்பர் சொல்கிறேன், போடு. ஸ்பீக்கரில் போடு. மணி அடிக்கிறதா? அடிக்கிறது. எடுத்துவிட்டார். நீ பேசாதே, நான் பேசுகிறேன், நீ பேசாதே.

'சொல்லும்மா கரோல். இது உன் இன்னொரு நம்பரா? டிக்கெட் வந்திடுச்சுன்னு சொன்னாங்க. நல்லதாப் போச்சு. போட்டு முடிச்சதும் நேரா ஏர்போர்ட் போயிடலாம்மா, வீட்டுக்கெல்லாம் போக வேணாம். எல்லாத்தையும் பெட்டியில எடுத்துட்டு வந்துட்டேன். ஊசியப் பத்திக் கவலப்படாத, இங்க இருக்கிறதே அருமையா இருக்கு. ஹலோ? கரோல்? கேக்குதா?'

வை. வைத்துவிடு. வைத்துவிட்டாயா?

எந்த ஏர்போர்ட்?

நீயும் கேட்டாய் அல்லவா? ஏர்போர்ட் என்றுதானே சொன்னார்? குரலைக் கேட்டாயா, எவ்வளவு தெளிவாக இருக்கிறது. வீட்டில் இவ்வளவு சத்தமாகப் பேசவே மாட்டார். அருமையாக இருக்கிறதாம். வேறு ஊசி இருக்கிறதாம். அப்படியென்றால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நான்தான் காலையிலிருந்து செத்துச் செத்து, இதைத் தேய்த்துக்கொண்டு... ஸ்வெட்டர். கடற்கரைக்கு எவன் ஸ்வெட்டர் எடுத்துப் போவான்? நான்தான் அதை மடித்து உள்ளே வைத்தேன் தெரியுமா, கலைந்திருந்தது என்று. என் கையாலேயே வைத்தேன்.

தேன்மொழிக்குத் தெரிந்திருக்கும். அவள்தான் எல்லாம் செய்திருப்பாள்.

வேண்டாம், மறுபடி போடாதே. போனில் பேசினால் வைத்துவிடுவார். நேரில் என் முகத்தைப் பார்த்தால் போகமாட்டார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனதில்லை. அவ்வளவு கூட்டத்தில் என்னை உள்ளே விடுவார்களா? விடமாட்டார்கள். டிக்கெட் கேட்பார்கள். கூட்டத்தில் கத்தினால் அந்த டம் டம்மில் யார் காதில் விழும்?

இரு. ஏர்போர்ட் மெட்ராஸில்தானே இருக்கிறது? அப்படியானால் இந்த ரோட்டில்தானே திரும்பி வர வேண்டும்? நாம் வந்த இதே ரோடு. நீ பாண்டிச்சேரிப் பெண், உனக்குத் தெரியும். வேறு வழி இருக்கிறதா? திண்டிவனம் வழியாகவா? ஏர்போர்ட்டுக்கு அதுதான் சுலபமா? எல்லாரும் அதில்தான் போவார்களா?

இல்லை. அவருக்குக் கடல் பிடிக்கும். இந்த வழியாகத்தான் வருவார். டிரைவரிடம் சொல்லுவார், கடற்கரைப் பக்கமாகவே போப்பா என்று. சொல்லுவார். எனக்குத் தெரியாதா அவரை?

இது எந்த ஊர்? மரக்காணமா? இரண்டு பக்கமும் உப்பளம், ஒரு மரம் மறைக்கவில்லை. நல்லதுதான். இங்கே நின்றால் தூரத்திலிருந்தே தெரியும். நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். பையைப் பிடிக்காதே, விடும்மா. தனியாக எப்படி நிற்பீர்கள் என்று கேட்காதே. வீட்டுக்குப் போனால் மட்டும் யார் இருக்கிறார்கள்? டீக்கடை ஒன்று தெரிகிறது பாரு, அந்த லைட்டுக்குக் கீழே நிற்பேன். கண்டக்டரிடம் விசில் கொடுக்கச் சொல்லு. என் குரல் எழும்பவில்லை, நீ சொல்லு.

வெள்ளைக் கார். காலையில் வந்தது வெள்ளைக் கார்தான். நம்பரைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். பரவாயில்லை. வெள்ளைக் கார் எது வந்தாலும் கையைக் காட்டுவேன்.